இறங்கிய கரையும் ஏறிய ஊரும்

பலேர்மோ, சிசிலி

அன்புள்ள நண்பருக்கு,

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இருக்கும் உங்கள் உறவினர்கள் குடும்பத்தின் கொடிவழியை எழுதத் தொடங்கியிருப்பதையும், கப்பல் பட்டியலில் ஒரே பெயரில் பலர் நிற்பதால் மேலே நகர முடியாமல் தவிப்பதையும் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுத இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. அமெரிக்காவில் தங்களை முன்னோடிக் குடும்பங்கள் என்று சொல்லிக்கொள்ளும் எத்தனையோ வீடுகளின் முதல் ஆள் பலேர்மோ துறைமுகத்தில்தான் கப்பலேறினார். அவர்களுடைய கொள்ளுப்பேரன்மாரும் பேத்திகளும் இன்று அந்த முதல் ஆளைத் தேடி இங்கே வருகிறார்கள். அந்தத் தேடல் எங்கே வெல்கிறது, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கும் விடை இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புலம்பெயர்ந்த குடும்பத்தை இறங்கிய கரையில் தேடுகிறவர்களுக்கு ஒரு பெயர்தான் கிடைக்கும். ஏறிய ஊரைப் பிடித்தவர்களுக்கே குடும்பம் கிடைக்கும்.

சிசிலியர் என்றாலே நியூயார்க் நினைவுக்கு வருகிறது. ஆனால் தொடக்கம் அங்கில்லை. பலேர்மோவைச் சுற்றியுள்ள தோட்டங்களின் எலுமிச்சையும் ஆரஞ்சும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தன. பழத்தோடு வணிகரும் மாலுமிகளும் போனார்கள். 1850ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இத்தாலியில் பிறந்தவர்கள் மிக அதிகமாக இருந்த மாநிலம், நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா. அப்போதும் ஆயிரம் பேர்கூட இல்லை. அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆள் தேடியபோது இந்தப் பழப் பாதையிலேயே கூலியாட்களும் போனார்கள். கரும்பு வெட்டும் பருவத்துக்குச் சரியாகப் போய்ச் சேரும்படி பலேர்மோவிலிருந்து நேரே நீராவிக் கப்பல்கள் ஓடின. இந்த இடத்தில் உங்களுக்கு நேட்டால் நினைவுக்கு வராமல் இருக்காது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பனை அடைந்ததும் இதே கரும்புக்காகத்தான். வட ஆற்காட்டு உழவரையும் சிசிலி மலையூர் உழவரையும் கடல் கடக்க வைத்தது ஒரே பயிர். அங்கே அவர்களுக்குக் கிடைத்த மரியாதையிலும் பெரிய வேறுபாடு இல்லை. நியூ ஆர்லியன்ஸில் 1891 மார்ச் 14 அன்று ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியரைக் கொன்றது. முன்னோடிக் குடும்பம் என்ற பட்டம் பேரப்பிள்ளைகள் காலத்தில் வந்தது. போனவர்கள் கூலிகளாகவே போனார்கள்.

இறங்கிய கரையின் தாள்கள் ஏன் போதவில்லை? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'இத்தாலி' என்று மட்டும் எழுதினார்கள். பழைய பயணிகள் பட்டியல்களிலும் பெரும்பாலும் நாட்டின் பெயர்தான். பிறந்த ஊரையும், ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் முகவரியையும் கேட்கும் கட்டங்கள் 1907 வாக்கில்தான் வந்தன. நியூயார்க்கில் வந்திறங்கியவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்பது அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றில் வேதவாக்கு. அது உண்மையில்லை. பட்டியலை எழுதியவர்கள் புறப்படும் துறைமுகத்தில் இருந்த கப்பல் கம்பெனி எழுத்தர்கள். தீவில் இருந்தவர்கள் அதைச் சரிபார்த்தார்கள், அவ்வளவே. பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பின்னாளில் தாங்களே மாற்றிக்கொண்டார்கள். பெயரை மட்டும் நம்பி மேலே ஏறுவதில் இன்னும் பெரிய ஆபத்து இருக்கிறது. நியூயார்க்கில் குஸ்டாவ் ஆஞ்சூ என்பவர் செல்வந்தர்களுக்கு வம்சாவளி தயாரித்து விற்றார். பணம் கொடுத்தவரின் குடும்பப் பெயரை ஐரோப்பியப் பிரபுக் குடும்பங்களோடு பொய் ஆவணங்களால் இணைத்துவிட்டார். அவர் கட்டிய பொய்களை ஆய்வாளர்கள் இன்றும் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், 1635இல் வர்ஜீனியாவில் ஜார்ஜ் மெனிஃபீ என்பவர் இறக்கிய ஆட்களின் பட்டியலில் 'டோனி, கிழக்கிந்தியர்' என்று ஒருவர் இருக்கிறார். அமெரிக்க மண்ணில் பதிவான முதல் இந்தியர்களில் ஒருவர் அவர். அவரைவிட முன்னோடி வேறு யார்? ஆனால் ஊர் எழுதப்படவில்லை. சோழமண்டலக் கரையா, வங்கமா என்று இனி யாரும் சொல்ல முடியாது. அந்த ஒரு சொல் விடுபட்டதால் ஒரு மனிதரின் முன்னும் பின்னும் அறுந்துபோயிற்று. எனக்கு இது ஆறாத வருத்தம்.

இப்போது ஏறிய ஊர்ப் பக்கம் வாருங்கள். பலேர்மோவின் பழைய படகுத்துறையான காலாவின் ஓரத்தில், கத்தேனா தேவாலயத்தை ஒட்டிய பழைய துறவியர் மடத்தில் அரசு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதன் இன்னொரு பிரிவு கான்ச்சா மடத்தில். சிசிலியில் 1820 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு ஒவ்வொன்றையும் ஊர் மன்றம் பதிவு செய்தாக வேண்டும். பிறப்புப் பதிவில் குழந்தையைக் காட்டியவர் யார், அவர் வயது, தொழில், தெரு, சாட்சிகள் இருவர், தாயின் பெயர் எல்லாம் இருக்கும். பக்கத்திலேயே ஞானஸ்நானம் நடந்த நாளும் இருக்கும். தாய் தன் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் எழுதப்படுவார். சிசிலிப் பெண் சாகும்வரை அந்தப் பெயரிலேயே இருப்பார். இறப்புப் பதிவிலும் அதுதான். அமெரிக்கக் கரையில் கணவன் பெயருக்குள் மறைந்துபோன பாட்டி இங்கே முழுதாக எழுந்து நிற்கிறாள். இது எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பெயரிடும் வழக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர். பெண்களுக்கும் அதே முறையில் பாட்டிகளின் பெயர். நம் வீடுகளைப் போலவேதான். ஒரு தாத்தாவுக்கு ஐந்து மகன்கள் என்றால் ஒரே பெயரில், ஒரே குடும்பப் பெயரில், ஒரே தெருவில் ஐந்து பேரன்கள் இருப்பார்கள். அவர்களைப் பிரித்தறிய உதவுவது தாயின் பெயர் ஒன்றே. திருமணப் பதிவோடு இணைத்த தாள்கள் இதைவிட அருமையானவை. மணமக்களின் தந்தை இறந்திருந்தால் அவருடைய இறப்புச் சான்று வேண்டும். சம்மதம் தர வேண்டிய தாத்தாவும் இல்லையென்றால் அவருடையதும் வேண்டும். 1825இல் நடந்த ஒரு கல்யாணக் கட்டிலிருந்து 1740களில் பிறந்த ஒருவர் வெளியே வருவது இப்படித்தான். அதற்கும் முன்னே போக, 16ஆம் நூற்றாண்டிலிருந்து குடும்பத் தலைவர்கள் வரிக்காகக் கொடுத்த வாக்குமூலங்கள் இருக்கின்றன. வீட்டின் நான்கு எல்லை, திராட்சைத் தோட்டம், கழுதை, கடன், ஆண்களின் வயது என்று எல்லாம் அதில் வரும். பெண்களின் வயதை மட்டும் பெரும்பாலும் எழுதவில்லை. ஆனால் ஒன்று: இந்தப் பதிவுகள் முழுக்க ஊர்வாரியாக அடுக்கியவை. ஊர் தெரியாமல் வருகிறவருக்கு இத்தனையும் பூட்டிய கதவுதான்.

ஊரைக் கண்டுபிடித்தால் விடையே மாறிவிடுவதும் உண்டு. வக்காரோ சகோதரர்கள் நியூ ஆர்லியன்ஸில் பழ வணிகம் செய்தவர்கள். 1899இல் ஹோண்டுராஸின் லா செய்பாவிலிருந்து வாழைப்பழம் ஏற்றத் தொடங்கி, ஸ்டாண்டர்ட் ஃப்ரூட் என்ற பெரிய கம்பெனியை எழுப்பினார்கள். அவர்களுடைய பூர்வீகம் பலேர்மோ மாகாணத்தின் கொந்தெஸ்ஸா எந்தெல்லீனா. அந்த ஊர் 15ஆம் நூற்றாண்டில் அல்பேனியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர். அங்கே கிரேக்க முறை வழிபாட்டுக்கு ஒரு தேவாலயப் பங்கும் லத்தீன் முறைக்கு ஒரு பங்கும் உண்டு. அமெரிக்கப் பதிவில் 'இத்தாலி' என்று நிற்கும் ஒருவரின் மூதாதை, இந்த ஊர்க்காரர் என்றால், அட்ரியாட்டிக் கடலைத் தாண்டி வந்த அகதியாக இருக்கலாம். எந்தப் பங்கின் ஏட்டைத் திறக்க வேண்டும் என்பதையும் ஊர்தான் சொல்லும். போனவர்கள் இதை மறக்கவில்லை. நியூ ஆர்லியன்ஸில் கொந்தெஸ்ஸா ஊராருக்கு ஒரு சங்கம், செஃபலூ ஊராருக்கு ஒரு சங்கம் என்று தொடங்கினார்கள். சங்கத்துக்கென்றே கல்லறைகளும் கட்டினார்கள். அரசாங்கப் பட்டியல் விட்டுவிட்ட ஊர்ப்பெயர் அந்தக் கல்லறைகளின் நெற்றியில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் போன இடமெல்லாம் ஊர்ச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் வைத்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எச்சிலைக் குழாயில் அனுப்பினால் மரபணுச் சோதனை எல்லாம் சொல்லிவிடுமே என்று கேட்டிருந்தீர்கள். இருவர் உறவினர் என்று அது சொல்லும். எந்த வழியில் உறவு என்று சொல்ல ஏடு வேண்டும். சிசிலி மலையூர்களில் தலைமுறை தலைமுறையாக உள்ளூருக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்தார்கள். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் பல வழியில் சொந்தம். அத்தை மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நம் சமூகங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். கொடிவழி எழுதுவது சாதிப் பெருமைக்குத்தான் உதவும் என்ற உங்கள் கவலையை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். பெருமைக்காக எழுதியவர்கள் ஏராளம். ஆனால் ஏட்டை நேர்மையாகப் பின்தொடர்ந்தால் பெருமை நிலைக்காது. சிசிலி ஊர்களில் கைவிடப்படும் குழந்தைகளை இரவில் விட்டுச்செல்ல சுவரில் ஒரு சுழல்பெட்டி இருந்தது. அங்கே கிடைத்த பிள்ளைக்கு மன்றத்தார் ஒரு பெயர் வைத்துப் பதிவு செய்தார்கள். பல குடும்பங்களின் வழி அந்தச் சுழல்பெட்டியில் போய் நிற்கிறது. அதற்கு அப்பால் இட்டுக்கட்டாமல் அங்கேயே நிறுத்துவதுதான் முறையான கொடிவழி.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு வேறொன்று. தாள் இல்லாதவர்களை என்ன செய்வது? 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததைக் காட்டச் சொன்னது. தேயிலை மலைகளில் பிறந்து வளர்ந்த சுமார் 7 லட்சம் தமிழர் அதைக் காட்ட முடியாமல் நாடற்றவர்கள் ஆனார்கள். இத்தாலியிலும் இதன் இன்னொரு முகம் இருக்கிறது. தலைமுறைக் கணக்கே இல்லாமல் இத்தாலிய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கொடுத்துவந்த முறையை 2025இல் பெற்றோர், தாத்தா பாட்டி அளவோடு சுருக்கினார்கள். இதே பலேர்மோவில் 1980களிலிருந்து வாழும் ஈழத் தமிழரின் பிள்ளை, இங்கேயே பிறந்து, மோந்தே பெல்லெக்ரீனோ மலையில் புனித ரொசாலியாவை வணங்கி வளர்ந்தாலும், பெற்றோருக்குக் குடியுரிமை இல்லையென்றால் 18 வயதுவரை காத்திருக்க வேண்டும். குடியேறியவர்களின் காத்திருப்பைப் பத்தாண்டிலிருந்து ஐந்தாகக் குறைக்க 2025 ஜூனில் நடந்த பொது வாக்கெடுப்பு போதிய வாக்காளர் வராமல் தோற்றது. இதையெல்லாம் வைத்து ஏடுகளே வேண்டாம் என்று முடிவுகட்டினால் அது தவறு. இறந்தவரைப் பற்றிக் கேட்கும்போது தாளைக் கேட்கலாம், கறாராகவே கேட்கலாம். கண்ணெதிரே வாழ்கிறவரின் உரிமையை அவர் பாட்டனின் தாளில் தொங்கவிடுவது அநீதி. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது சட்டங்களின் குற்றம், பதிவேட்டின் குற்றம் அல்ல. தாள்களை இழந்த சமூகத்துக்குப் பதிவின் அருமை மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

நமக்கு இப்படி ஏடுகள் இல்லையே என்று நீங்கள் எழுதியது முழுதும் சரியில்லை. 1860க்கும் 1911க்கும் இடையில் நேட்டாலுக்குப் போன சுமார் 1,52,000 பேருக்கும் பட்டியல் இருக்கிறது. அதில் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடல் அடையாளம் என்று கட்டங்கள் உண்டு. 1907க்கு முன் அமெரிக்காவில் இறங்கிய சிசிலியர் பலருக்கு இல்லாத கிராமக் கட்டம் உங்கள் ஆளுக்கு இருக்கிறது. ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அந்த எழுத்துகளை அந்தத் தாலுக்காவின் கிராமப் பெயர்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியிருக்கும். ஆகவே உறவினர்களுக்கு இப்படி எழுதுங்கள்: பெயரைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கிவைக்கட்டும். உங்கள் ஆள் என்று சந்தேகப்படும் ஒவ்வொருவரின் எண்ணுக்கும் முன்னும் பின்னும் உள்ள இருபது முப்பது எண்களை எடுக்கட்டும். அதே தாலுக்கா, அதே கிராமம் யார் யாருக்கு என்று பார்க்கட்டும். தனியாகக் கப்பலேறியவர்கள் குறைவு; தம்பியோ மைத்துனனோ பக்கத்து வீட்டுக்காரனோ அருகிலேயே நிற்பான். ஊர் இரண்டு மூன்றாகச் சுருங்கியதும் எனக்குத் தெரிவியுங்கள். கிராமக் கணக்குகளை எங்கிருந்து தொடங்குவது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்