இரண்டு லெட்சுமிகள்

லெம்பா பெர்த்தாம் என்றதும் பலருக்குக் குளிரும் காய்கறித் தோட்டங்களும் நினைவுக்கு வரும். எனக்கோ பாட்டியின் லயத்து வீட்டுச் சுவரில் இருந்த கரிக்கோடுகள்தாம் நினைவுக்கு வரும்.

பாட்டி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். காலைப் பெரட்டில் ‘லெட்சுமி’ என்று கூப்பிட்டால் இருவர் குரல் கொடுப்பார்களாம். ஒரு மாதம், பாட்டி பறித்த கொழுந்தின் எடையைக் கிராணி மற்ற லெட்சுமியின் கணக்கில் எழுதிவிட்டார். சம்பளம் குறைந்தது. கேட்டதற்கு, “புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது” என்பதே பதில். எழுத்தறியாத பாட்டி அன்று முதல் தம் கூடைகளுக்குச் சுவரில் கோடு போடத் தொடங்கினார்.

சென்ற ஆண்டு, புதிய மாணவர்களுக்கான தரவு ஹேக்கத்தான் ஒன்றில் நானும் தோழியர் மூவரும் கலந்து கொண்டோம். தலைப்பு, இசைக்கான ராயல்டி. எங்களுக்கு நிரல் எழுதத் தெரியாது. எக்செல் மட்டுமே துணை!

ஒரு பாட்டுக்குள் இரண்டு உரிமைகள் இருப்பதை அங்குதான் அறிந்தோம். சொல்லும் மெட்டும் ஒன்று, ஒலிப்பதிவு மற்றொன்று. நம் நாட்டில் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிய தொகையைத் திரட்டித் தர 1989இல் எம்.ஏ.சி.பி. அமைப்பு தோன்றியது. இந்தியாவிலோ, திரைப்பாடல்களை எழுதியோரும் இசையமைத்தோரும் ராயல்டியில் தமக்குரிய சமபங்கை விட்டுக்கொடுக்க முடியாதபடி 2012இல் சட்டம் திருத்தப்பட்டது.

சட்டம் இருந்தாலும் பெயர் சரியாக இருந்தால்தானே பணம் போய்ச் சேரும்? பயிற்சிக்குத் தந்த பட்டியலில் ஒரே தமிழ்ப் பெயர் ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக இருந்தது. ஒத்த பெயர்களையெல்லாம் ஒன்றாக்கிவிட்டு, முடித்துவிட்டோம் என மகிழ்ந்தோம். வழிகாட்டி கேட்டார்: “இவர்கள் ஒருவரே என்று எப்படித் தெரியும்?” பார்த்தால், ஒருவர் அறுபதுகளில் எழுதியவர், மற்றவர் இளைஞர். ஒருவர் கூலியை இன்னொருவர் கணக்கில் எழுதியிருந்தோம். அந்தக் கிராணி செய்ததும் இதுதானே!

பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்தெண் குறியீடும், படைப்பாளிக்கு ஐ.பி.ஐ. எண்ணும் எதற்கு என்பது அப்போதுதான் புரிந்தது. எண் இல்லாத, ஐயத்துக்குரிய பெயர்களைத் தனித்தாளில் ஒதுக்கினோம். பரிசு கிடைக்கவில்லை.

விடுமுறையில் பாட்டியிடம் சொன்னேன். “பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணாயிடுமாம்மா?” என்று சிரித்தார்.

“அந்தக் காசு என்ன ஆச்சு, பாட்டி?”

“அன்னிக்கு ராத்திரியே அவ கொண்டாந்து கையில வச்சுட்டா. புத்தகத்துலதான் கடைசி வரைக்கும் மாத்தல.”

நண்பர்களே, நம் கலை இரவில் முன்னாள் மாணவர்கள் எழுதிய பாடல்களை இன்றும் பாடுகிறோம். நிகழ்ச்சி நிரலிலோ ‘பாடல்: மாணவர்கள்’ என்று மட்டும் அச்சிடுகிறோம். இவ்வாண்டு ஒரு பட்டியல் தொடங்கியிருக்கிறேன். மூத்தோரே, அவற்றுள் உங்கள் பாடல் இருந்தால் முழுப்பெயரும், எழுதிய ஆண்டும் தெரிவியுங்கள். நம் புத்தகத்திலாவது மாற்றிவிடுவோம்.