ஆள் பார்த்து எழுதும் நோட்டு

கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-இல் முடியும். அந்தப் பத்து நாளும் மழை எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. ஈரக்காற்றில் பித்தளை குளிர்ந்து சுருதி இறங்கிவிடும். ஊதி ஊதிச் சூடேறினால்தான் மேலே வரும். அதனால் பவனியின் முதல் பாட்டில் நான் நீண்ட ஸ்வரம் வைப்பதே இல்லை. நீட்டினால் குட்டு வெளிப்படும்.

பேண்டுக்கு நோட்டு எழுதுவதில் பாதி கணக்குதான். ட்ரம்பெட்காரர் ‘ஸி’ என்று வாசிப்பது பியானோவில் பி பிளாட். ஆல்ட்டோ சாக்ஸில் அதே ‘ஸி’ ஈ பிளாட். என் காதுக்கு ஒரு ஸி வேண்டுமென்றால் முன்னவருக்கு டி, பின்னவருக்கு ஏ எழுத வேண்டும். கணக்கு பழகிவிடும். ஆட்கள்தான் பழகமாட்டார்கள்.

நான் கற்றது இரட்சணிய சேனை பேண்டு வழி. அங்கே கார்னெட்டிலிருந்து வயிற்றில் அணைத்து ஊதும் பெரிய பேஸ்வரை ஏறக்குறைய எல்லாருக்கும் ட்ரெபிள் கிளெஃப்தான், விரலும் ஒன்றே. ஒருவர் வராவிட்டால் பக்கத்து ஆளை நகர்த்திக்கொள்ளலாம். ஆள் போனாலும் பேண்டு நிற்காது. நல்ல ஏற்பாடு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

பிறகுதான் ஜாஸ் பேண்டு நடத்திய டியூக் எலிங்டனைக் கேட்டேன். அவர் தாளின் தலைப்பில் ‘இரண்டாம் ட்ரம்பெட்’ என்று போடாமல் வாசிப்பவரின் பெயரையே எழுதுவாராம். 1940-இல் தன் ட்ரம்பெட்காரர் கூட்டி வில்லியம்ஸுக்கென்றே ‘கான்செர்ட்டோ ஃபார் கூட்டி’ செய்தார். அதே வருடம் கூட்டி பென்னி குட்மன் பேண்டுக்குப் போய்விட்டார்; திரும்பி வந்தது 1962-இல். இருபத்திரண்டு வருடம்! அடுத்த ஆண்டு எலிங்டன் பேண்டு இந்தியாவுக்கே வந்தது. நமக்குத்தான் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

எங்களிடமும் ஒருவர் இருந்தார். விடியுமுன் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டிவிட்டு, சாயங்காலம் ட்ரம்பெட் எடுப்பார். அவருடைய மேல் ஏ மணி மாதிரி இருக்கும். அதை நம்பியே ஒரு மாதா பாட்டுக்கு நோட்டு எழுதினேன், தலைப்பில் அவர் பெயரோடு. அவர் குவைத்துக்குப் போனதும் பெயரை அழித்துவிட்டு, அந்த வரியை ஒரு கிளாரினெட் பையனுக்குக் கொடுத்தேன். சேனை கற்றுத்தந்த புத்தி.

பதினான்கு வருடம் கழித்து வந்து நின்றார். “மாஸ்டரே, அந்தப் பழைய நோட்டு இருக்கா?”

இருந்தது. ஊதினார். மேல் ஏ-யில் வெறும் காற்றுதான் வந்தது.

“முன்பல்லு கெட்டுப் பல்லு மாத்தியாச்சு மாஸ்டரே. உதடு நிக்கல்ல.”

அன்று இரவு பென்சிலோடு உட்கார்ந்தேன். பாட்டை மொத்தமாக ஒரு நாலாவது கீழே இறக்கினேன். சாக்ஸுக்கும் யூபோனியத்துக்கும் புதுத் தாள். கீழ் நடுவில் அவருடைய தொனிக்கு ஒரு சாம்பல் நிறம் வந்திருந்தது. அதை மறைக்காமலிருக்க சைடு டிரம்மை எட்டு அளவு நிறுத்திவைத்தேன். தலைப்பில் மறுபடி அவர் பெயர்.

கிளாரினெட் பையன் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை.