பூநாரையின் நிறமும் ஒரு மாணவனின் கேள்வியும்



தமிழகத்தின் வரைபடம் ஒன்றை எடுத்துச் சென்னையிலிருந்து கரையோரமாக விரலை ஓட்டிக்கொண்டு தெற்கே வாருங்கள். கடலூரையும் நாகப்பட்டினத்தையும் கடந்து சிறிது தூரம் சென்றதும், உங்கள் விரல் சட்டென்று மேற்குத் திசைக்குத் திரும்பும். வங்கக் கடற்கரை அங்கே முடிந்து, பாக் நீரிணையின் கரை தொடங்குகிறது. அந்தத் திருப்பத்தில் அமைந்திருக்கும் முனைதான் கோடியக்கரை. ஒருபுறம் காடு, மறுபுறம் கடல், இடையில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சதுப்பு நிலமும் உப்பளங்களும். இப்படி ஒரு நிலப்பரப்பை நம் மாநிலத்தில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, டிசம்பர் மாத விடுமுறையில், எங்கள் மத்ரஸாவின் மாணவர்கள் இருபத்திரண்டு பேரை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு அங்கே சென்றேன். அந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டதையும், அதற்கு முன் நான் செய்த ஒரு பிழையையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வேதாரண்யத்தைத் தாண்டியதும் சாலையோரம் உப்பு வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாகக் கிடந்தது. 1930ஆம் ஆண்டு ராஜாஜி அவர்கள் திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து வந்து, வெள்ளையர் சட்டத்தை மீறி உப்பெடுத்த மண் அது. அதைக் கடந்தால் கோடியக்காடு. வெளிமான்களைக் காப்பதற்கென்று 1967ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு. 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வீசிய கஜா புயல் இங்கே எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. அதன் வடுக்களை நாங்கள் சென்றபோதும் காண முடிந்தது. ஆயினும், முறுக்கிய கொம்புகளுடன் ஒரு வெளிமான் கலை புல்வெளியில் துள்ளி ஓடியபோது, வேனுக்குள் எழுந்த ஆரவாரத்தை அடக்கப் பெரும்பாடுபட்டேன்.

காட்டைப் பார்த்த பின் உப்பளங்களை ஒட்டிய சதுப்புப் பகுதிக்குச் சென்றோம். தொலைவில் நீருக்கு மேல் இளஞ்சிவப்புத் துணியை விரித்துப் போட்டதுபோல் ஒரு நீண்ட கோடு தெரிந்தது. உடன் வந்த வனக்காவலர் தம் தொலைநோக்கியை மாணவர்களிடம் தந்தார். அந்தக் கோடு அசைந்தது. அத்தனையும் பூநாரைகள்! நான்கடிக்கு மேல் உயரம். குச்சி போன்ற கால்கள். வளைந்த நீண்ட கழுத்து. நடுவில் மடக்கி வைத்ததுபோன்ற அலகு.

அப்போதுதான் அந்த மாணவன் கேட்டான். அவனுக்கு வயது பதினொன்று இருக்கும். வகுப்பில் கேள்விகளால் என்னைத் துளைப்பவன்.

“ஹஜ்ரத், கொக்கு வெள்ளையா இருக்கு, காக்கா கறுப்பா இருக்கு. இது மட்டும் ஏன் ரோஜாப் பூ நிறத்துல இருக்கு?”

எனக்கு விடை தெரியாது. நான் கலைப் பட்டதாரி. விஞ்ஞானம் பள்ளியோடு நின்றுவிட்டது. லுஹர் நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. “அல்லாஹ் அப்படிப் படைத்திருக்கிறான். அதிகப் பிரசங்கம் பண்ணாமல் வரிசையில் வா” என்றேன்.

மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் சொன்னதில் பொய் இல்லை, அல்லாஹ்தான் படைத்தான். ஆனால் அந்த உண்மையை, ஒரு குழந்தையின் வாயை அடைக்கும் துணியாக நான் பயன்படுத்திவிட்டேன். கையோடு கொண்டுபோன குடிநீரை மிச்சப்படுத்துவதற்காகக் கடல் நீரில் ஒளுச் செய்தோம். வழக்கமாக அவன் அதைப் பற்றியும் ஏதேனும் கேட்டிருப்பான். கேட்கவில்லை. திரும்பும் வழியெங்கும் சன்னலோரம் வாய்மூடி அமர்ந்திருந்தான். அடுத்த வாரம் வகுப்பிலும் அவன் கை உயரவில்லை.

அது என்னை உறுத்தியது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட வினாக்கள் பலவற்றுக்குத் தயங்காமல் ‘எனக்குத் தெரியாது’ என்று பதிலளித்தார்கள் என்பதைப் பெருமையுடன் பாடம் நடத்துபவன் நான். அந்த ஒரு சொல்லை, பதினொரு வயதுப் பையனிடம் சொல்ல என் நா எழவில்லையே! அன்று மாலையே நூலகத்துக்குச் சென்றேன். ஊர்ப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் நண்பரிடம் மாணவனைப்போல் அமர்ந்து கேட்டேன். அப்படித் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பூநாரை பிறக்கும்போது இளஞ்சிவப்பாகப் பிறப்பதில்லை. அதன் குஞ்சு சாம்பல் நிறம். உப்பு மிகுந்த நீரில் வளரும் நுண்ணிய பாசிகளிலும், அப்பாசிகளைத் தின்று வாழும் சிறு இறால் வகைகளிலும் கரோட்டினாய்டு என்னும் நிறப்பொருள் இருக்கிறது. முற்றிய உப்புப் பாத்தியின் நீர் சில வேளைகளில் செந்நிறமாகத் தோன்றுகிறதே, அதற்கும் இத்தகைய நிறப்பொருள் கொண்ட நுண்ணுயிர்களே காரணம். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகை நீருக்குள் தலைகீழாக வைத்து, நாவை நொடிக்குப் பலமுறை முன்னும் பின்னும் அசைத்து நீரை உறிஞ்சித் தள்ளுகிறது. அலகின் ஓரங்களிலுள்ள சீப்புப் போன்ற அமைப்பு இரையை வடிகட்டிக்கொள்கிறது. நம் வீட்டுப் பெண்கள் அரிசி களைந்து வடிப்பதுபோல்தான். அந்த இரையிலுள்ள நிறமே நாளடைவில் இறகிலும் தோலிலும் ஏறுகிறது. முழு நிறம் வரச் சில ஆண்டுகள் ஆகும். விலங்குக் காட்சிசாலைகளில் இந்த நிறப்பொருள் இல்லாத தீனியைக் கொடுத்தால், புதிதாக முளைக்கும் இறகுகள் வெளுத்துப் போகும்.

இது பறவையோடு நிற்கும் செய்தியன்று. காரட், பப்பாளி, மாம்பழம், பரங்கிக்காய் ஆகியவற்றின் நிறமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நம் உடல் அதிலிருந்து வைட்டமின் ‘ஏ’யைத் தயாரித்துக்கொள்கிறது. முருங்கைக் கீரையிலும் அது நிரம்ப உண்டு. பச்சை நிறம் அதை மறைத்துவிடுகிறது. இச்சத்துக் குறைந்தால் மாலைக்கண் நோய் வரும். நாள்தோறும் அளவுக்கு மீறிக் காரட் தின்பவர்களுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகிவிடுவதுண்டு. மஞ்சள் காமாலையோ என்று தாய்மார்கள் பதறுவார்கள். காமாலையில் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகும், இதில் ஆகாது. ஆயினும், ஐயம் இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுவதே முறை. உண்ட உணவு உடலில் நிறமாக வெளிப்படும் அதிசயம், உப்பளத்துப் பறவைக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கும் பொதுவானது என்பது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

இன்னொன்று. பூநாரையின் முழங்கால் பின்பக்கமாக மடிகிறது என்றுதான் அன்று நாங்கள் அனைவரும் எண்ணினோம். அது முழங்கால் அன்று, கணுக்கால்! உண்மையான முழங்கால், உடலோடு ஒட்டி இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. ஸஜ்தாவில் நாம் விரல்களை ஊன்றிக் குதிகாலை உயர்த்தி வைக்கிறோமல்லவா? பூநாரை வாழ்நாள் முழுவதும் அப்படி விரல்களில்தான் நிற்கிறது.

அதிலும் ஒற்றைக் காலில் நின்றபடியே உறங்குகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், இறந்துபோன பூநாரையின் உடலைக்கூட ஒற்றைக் காலில் சாயாமல் நிறுத்த முடிந்தது என்று கண்டறிந்தார்கள். தசைகள் பாடுபட வேண்டிய தேவையின்றி, உடலின் எடையே மூட்டுகளை நிலைநிறுத்திவிடுகிறது. இன்றிரவு உங்கள் பிள்ளைகளை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுங்கள். கண்ணையும் மூடச் சொல்லுங்கள். சில நொடிகளில் தள்ளாடுவார்கள். நம் கால் தசைகள் ஓயாமல் உழைத்துக்கொண்டிருப்பதால்தான் நாம் நிற்கிறோம் என்பது அப்போது விளங்கும்.

அன்று அவன் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றும் இருந்தது. கடல் நீரில் ஒளுச் செய்யலாம் என்பது மார்க்கச் சட்டம். பின் ஏன் அதைக் குடிக்க முடிவதில்லை? ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. மருத்துவமனையில் நரம்பு வழியே ஏற்றும் சலைன் நீரில், நம் குருதிக்கு ஏற்றவாறு லிட்டருக்கு 9 கிராம்தான் சேர்க்கிறார்கள். கடல் நீரளவு செறிவான உப்பை வெளியேற்றும் ஆற்றல் நம் சிறுநீரகத்துக்கு இல்லை. குடித்த உப்பைக் கழுவித் தள்ள, குடித்ததைவிட அதிக நீரை உடல் இழக்க வேண்டியிருக்கும். ஆகவே கடல் நீர் தாகத்தைத் தீர்ப்பதற்குப் பதிலாக வளர்க்கிறது. பூநாரைக்கோ கண்ணருகே தனிச் சுரப்பிகள் இருக்கின்றன. மிகுதியான உப்பை அவை பிரித்தெடுத்து நாசித் துளை வழியே சொட்டச் செய்கின்றன. நமக்குக் கொடுக்காத ஒன்றை அதற்குக் கொடுத்தவன், அது வாழப்போகும் இடத்தை அறிந்தவன் அல்லவா?

இந்த இடத்தில் ஒரு பெரியவரை நினைவுகூராமல் இருக்க முடியாது. கோடியக்கரையின் பெருமையை 1960களில் பறவையியல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் டாக்டர் சாலிம் அலி (1896–1987). அவர் தொடர்பு கொண்டிருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், இங்கே பல்லாயிரம் பறவைகளின் கால்களில் வளையமிட்டு அவற்றின் வலசைப் பாதைகளை ஆராய்ந்தது. இருபத்தைந்து கிராம் அளவே எடையுள்ள கொசு உள்ளான் என்னும் சிறு பறவை, வடதுருவத்தை ஒட்டிய பனி நிலங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இந்தச் சேற்றைத் தேடி வருகிறது. 2002ஆம் ஆண்டு இப்பகுதி பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

சாலிம் அலி இளவயதிலேயே பெற்றோரை இழந்து, பம்பாயில் தாய்மாமன் அமீருத்தீன் தைய்யப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது, விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. இது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை. அவர் சிறுவனை அதட்டவில்லை. அறிமுகம் செய்து, இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்ற ஆங்கிலேயரிடம் அனுப்பிவைத்தார். மில்லார்டு அக்குருவியை இனங்கண்டு சொன்னதோடு, கழகத்தின் பறவைச் சேகரிப்பையும் திறந்து காட்டினார். இந்தியப் பறவையியலின் மாமேதை அங்கே உருவானார். அந்த மாமா மட்டும், நான் சொன்னதுபோல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்?

அடுத்த ஆண்டு மீண்டும் கோடியக்கரைக்குச் சென்றோம். அந்த மாணவனை என் பக்கத்தில் அமர்த்திக்கொண்டேன். உப்பளத்துக் கரையில் எல்லா மாணவர்கள் முன்னிலையிலும், “போன வருஷம் இவன் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லாமல் இவனை அடக்கினேன். அது என் தவறு” என்றேன். பிறகு மேலே எழுதிய அனைத்தையும் சொன்னேன். பூநாரைகள் நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் உவர்நிலத்தில் சேற்றுமேடு கட்டி முட்டையிடுவதையும், தாயும் தந்தையும் தொண்டையில் சுரக்கும் செந்நிறப் பாலைக் குஞ்சுக்கு ஊட்டுவதையும் சொன்னேன்.

சிறிது நேரம் அமைதி. பிறகு அவன் மெல்லக் கேட்டான்: “பால் சிவப்பா இருக்குன்னா, அதைக் குடிக்கிற குஞ்சு ஏன் ஹஜ்ரத் சாம்பல் நிறமா இருக்கு?”

“தெரியாதுப்பா. ரெண்டு பேரும் தேடுவோம்” என்றேன்.

தேடினோம். இறகும் நம் நகத்தையும் முடியையும் போன்றதே. முளைத்துக்கொண்டிருக்கும்போது ஏறும் நிறமே அதில் தங்கும். முதலில் முளைக்கும் சாம்பல் இறகுகள் உதிர்ந்து, புதிய இறகுகள் வரவரத்தான் குஞ்சு சிறிது சிறிதாகச் சிவக்கிறது. தம் உடலின் நிறப்பொருளைப் பாலில் கொடுத்துவிடும் தாயும் தந்தையும் அந்த நாட்களில் வெளுத்துப் போகின்றன. இதைப் படித்துவிட்டு அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். ஆனால் அந்த மௌனம் முன்பு நான் உண்டாக்கிய மௌனம் அன்று.

வாசகர்களே! நவம்பர் முதல் பிப்ரவரி வரை கோடியக்கரைக்கு ஏற்ற காலம். நாகூருக்கோ முத்துப்பேட்டைக்கோ உறவினர் வீட்டுக்கு வரும் குடும்பங்கள் ஒருநாள் ஒதுக்கினால் போதும். வேதாரண்யத்திலிருந்து பேருந்து உண்டு. குடிநீரும் தொப்பியும் எடுத்துச் செல்லுங்கள். பறவைகளை நெருங்கி விரட்டாதீர்கள். பிளாஸ்டிக் பைகளை விட்டு வராதீர்கள். பிள்ளைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் ஏதேனும் கேட்டால் அதட்டாதீர்கள்.

வானில் சிறகு விரிக்கும் பறவைகளையும், ஒட்டகம் படைக்கப்பட்ட விதத்தையும் நோக்கும்படி திருமறை நம்மை அழைக்கிறது. ‘அல்லாஹ் படைத்தான்’ என்பது நம் பிள்ளைகளின் கேள்விக்கு முற்றுப்புள்ளியாக இருக்க வேண்டாம். எப்படிப் படைத்தான் என்று தேடிப் புறப்படும் வாசற்படியாக இருக்கட்டும். அந்தத் தேட்டத்தை வல்ல நாயன் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.