காரியமில்லாமல் ஒரு கொழும்புப் பயணம்

எங்கள் பக்கத்துப் பெண்கள் கொழும்புக்குப் போவதென்றால் அதற்கொரு காரணம் இருந்தே தீரும். பெரியாஸ்பத்திரியில் கிளினிக் நாள், பாஸ்போட் எடுப்பது, வெளிநாடு போகிற பிள்ளையை வழியனுப்புவது, கலியாணச் சாமான் வாங்குவது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருக்கும் சகோதரிகளைக் கேட்டுப் பாருங்கள். பத்துத் தடவை கொழும்பு மண்ணை மிதித்தவர்கூட ஆஸ்பத்திரி வாங்கையும் பஸ் நிலையத்தையும் தவிர வேறெதையும் கண்டிருக்க மாட்டார்.

என் மாமியும் அப்படித்தான். ஹட்டன் பஸாரில் நீண்ட காலம் புடவைக்கடை நடத்திய குடும்பம். கடைக்கு வரும் பில்களைப் பார்த்துப் பார்த்து, புறக்கோட்டையின் பிரதான வீதி, இரண்டாம் குறுக்குத் தெரு எல்லாம் அவருக்கு மனப்பாடம். தெருவைத்தான் பார்த்ததில்லை. கண் ஆபரேஷனுக்காக இரண்டு முறை கொழும்பு போனார். இரண்டு முறையும் கண்ணைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்!

ஒருநாள் சும்மா கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது வீட்டில் பல வருடத்துப் பேச்சு. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் அபாயாவோடு கொழும்பில் இறங்கவே எங்களில் பலர் தயங்கினோம். 2020இல் கொரோனா வந்தது. 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றோம். 2024 பாடசாலை விடுமுறையில்தான், அல்ஹம்துலில்லாஹ், அது கைகூடியது.

"என்ன காரியமாப் போறோம் மகள்?" என்று மாமி கேட்டார்.

"ஒரு காரியமும் இல்ல மாமி. சும்மா பார்க்கத்தான்."

அவர் நம்பவில்லை. யாருக்கோ வருத்தம், தன்னிடம் மறைக்கிறோம் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

சோறு கட்டிக்கொண்டு போவதில்லை என்று முன்பே முடிவு செய்தோம். இதற்கே வீட்டில் சின்னதாக ஒரு விவாதம் நடந்தது. முதல்நாள் முழுவதும் அடுப்படியில் நின்று, போன இடத்தில் எல்லோருக்கும் பரிமாறி, திரும்பி வந்து சட்டி கழுவுவதற்குப் பெயர் உல்லாசப் பயணமா? நான் கேட்ட கேள்விக்கு என் கணவர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

இரவுத் தபால் ரயிலில் ஏறி விடியற்காலையில் கோட்டையில் இறங்கினோம். இந்த ரயில் பாதை ஹட்டனுக்கு வந்தது 1884இல். அதற்கு முந்திய வருடம்தான் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. அன்றிலிருந்து நம் மலைத் தேயிலை எத்தனையோ தரம் கொழும்பு பார்த்துவிட்டது. நம் பெண்கள்தான் பார்க்கவில்லை.

புறக்கோட்டையில் மாமி ஒவ்வொரு கடைப் பலகையாக வாசித்துக்கொண்டே நடந்தார். "இந்தக் கடையில மாமாவுக்குக் கடன் இருந்திச்சு," என்று ஒரு பலகையைக் காட்டினார். இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளி, 1909இல் கட்டி முடித்தது. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாக, மாதுளம்பழக் குவிமாடங்களோடு நிற்கிறது. தாமரைக் கோபுரத்தை வெளியே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஓடினால் எதையும் பார்க்க முடியாது.

தேசிய நூதனசாலையில் நிறைய நேரம் இருந்தோம். 1877 ஜனவரி முதலாம் தேதி திறந்த அந்த வெள்ளை மாளிகையைக் கட்டியவர் நம்மவரான வாப்பிச்சி மரைக்கார். திறப்பு நாளில் ஆளுநர் கிரகரி, என்ன மரியாதை வேண்டும் என்று அவரிடம் கேட்டாராம். வெள்ளிக்கிழமைகளில் இதை மூடிவைத்தால் போதும் என்றாராம் அவர். நெடுங்காலம் அப்படியே வெள்ளியில் மூடியிருந்தது. தனக்கென்று ஒன்றும் கேட்காத அந்த மனிதரின் கதையைக் கேட்டதும் மாமி தூணொன்றைத் தொட்டுப் பார்த்தார்.

உள்ளே கண்டி மன்னரின் சிம்மாசனம் இருக்கிறது. 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1934இல் திரும்பி வந்தது. "மலையில இருந்து எடுத்ததை மலைக்கே குடுக்கலையே!" என்றான் என் மகன். 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில் சீனமும் தமிழும் பாரசீகமும் அடுத்தடுத்து இருக்கின்றன. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சீனக் கடற்படைத் தளபதி ஷெங் ஹே கொண்டுவந்தது அது. தமிழ் என்று தெரிந்தும் எங்களால் ஓர் எழுத்தைக்கூட வாசிக்க முடியவில்லை.

பெண்களுக்கு இடமுள்ள பள்ளிவாசல் ஒன்றை முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தோம். பயணிகளாகையால் ளுஹரையும் அஸரையும் அங்கே சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். தொழ இடம் தேடி அலைவதிலேயே நம் பெண்களின் பாதிநாள் போய்விடும். புறப்படும் முன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள் சகோதரிகளே.

மாலையில் காலிமுகத்திடல். அங்கே ஒரு நினைவுக்கல் உண்டு. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த இந்த நடைபாதையை, கொழும்புப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக அடுத்து வருபவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. மகள் அதை வாசித்துச் சொன்னாள்.

"ஹட்டன் பொம்பிளைகள எழுத மறந்திட்டானா?" என்றார் மாமி.

பிள்ளைகள் பட்டம் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். இவர் இஸ்ஸோ வடை வாங்கி வந்தார். மாமி வடையைக் கையில் வைத்தபடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதில் முதன்முதலாகக் கடலைப் பார்க்கிறார். அலை வந்து உடையும்போதெல்லாம் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். வெகுநேரத்துக்குப் பிறகு கேட்டார்:

"இதுக்கு அங்கால என்ன மகள்?"

"நேரே போனா மாலைதீவுப் பக்கம் மாமி. அப்படியே இன்னும் போனா அரபு நாடுகள்."

"அப்ப சின்னவன் இருக்கிற கட்டாரும் இந்தப் பக்கந்தானா?"

ஆமென்றேன். சூரியன் இறங்கும் வரை அந்தத் திசையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. வடை ஆறிப்போயிற்று. மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும்தான் எழுந்தார்.

இரவு ரயிலில் வீடு திரும்பினோம். மாமி கொழும்பு போய் வந்த செய்தி காலையிலேயே பக்கத்து வீடுகளுக்குப் பரவிவிட்டது. பத்து மணிக்கு இரண்டு பெண்கள் ஹோர்லிக்ஸ் போத்தலோடு வாசலில் வந்து நின்றார்கள்.

"டொக்டர் என்ன சொன்னார் மாமி?"