பன்னிரண்டு மரச் சிப்பாய்களும் நான்கு ராஜ்ஜியங்களும்

கற்பனை உலகம், அதற்கு ஒரு வரைபடம், அதில் ஒன்றுக்கொன்று ஆகாத ராஜ்ஜியங்கள், அரச வம்சங்கள், துரோகங்கள், போர்கள்... இதெல்லாம் டோல்கீனிடமிருந்து தொடங்கியது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜார்ஜ் மார்ட்டினின் ஏழு ராஜ்ஜியக் கதை டிவி தொடராக வந்த பிறகு, கல்லூரி கேன்டீனில் கூட "எந்த வம்சம் உனக்குப் பிடிக்கும்?" என்று சண்டை நடந்தது. ஆனால் டோல்கீன் பிறப்பதற்கு 66 வருடங்களுக்கு முன்பே, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஒரு பாதிரியார் வீட்டில், நான்கு குழந்தைகள் சேர்ந்து இப்படி ஓர் உலகத்தைக் கட்டி ஆண்டுகொண்டிருந்தார்கள். மூத்தவளுக்குப் பத்து வயது. கடைக்குட்டிக்கு ஆறு!

அந்தக் குழந்தைகளின் பெயர்கள்: சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன். குடும்பப் பெயர் பிரான்ட்டே. ஆம், 'ஜேன் அயர்', 'வுதரிங் ஹைட்ஸ்' எழுதிய அதே பிரான்ட்டே சகோதரிகள்தான். அவர்களுடைய நாவல்களைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் நிறையப் பேசும். அவர்கள் ஆண்ட ராஜ்ஜியங்களைப் பற்றி ஒரு வரியோடு தாண்டிப் போய்விடும். அந்த ஒரு வரிக்குள் இருப்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு பெட்டி சிப்பாய்கள்

1826 ஜூன் மாதம். ஹாவர்த் என்னும் ஊரில் பாதிரியாராக இருந்த பேட்ரிக் பிரான்ட்டே, லீட்ஸ் நகரத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, மகன் பிரான்வெல்லுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்கள் வாங்கிவந்தார். மொத்தம் பன்னிரண்டு சிப்பாய்கள். மறுநாள் காலையில் பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா தங்கைகளிடம் ஓடினான். சார்லட் இருப்பதிலேயே அழகான சிப்பாயைப் பிடுங்கி, இவர்தான் வெலிங்டன் பிரபு என்று அறிவித்துவிட்டாள். வெலிங்டன் யார்? வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர். பிரான்வெல் சும்மா இருப்பானா? தன் சிப்பாய்க்கு போனபார்ட் என்று பெயர் வைத்தான். ஆக, முதல் நாள், முதல் நிமிடத்திலேயே பகை தயார்!

எமிலிக்கும் ஆனுக்கும் ஆளுக்கு ஒரு சிப்பாய் கிடைத்தது. பிற்பாடு அவை பாரி, ராஸ் என்று பெயர் மாறின. இரண்டும் அந்தக் காலத்தில் வடதுருவப் பகுதிக்குப் பயணம் போன நிஜமான கப்பல் தலைவர்களின் பெயர்கள்.

இந்த விளையாட்டுக்கு முந்தைய ஐந்து வருடங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1821-ல் அம்மா இறந்துபோனார். அப்போது வீட்டில் ஆறு குழந்தைகள். 1824-ல் மூத்த பெண்கள் நால்வரும் பாதிரியார் மகள்களுக்கான ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்து காசநோயோடு திரும்பிய மரியா 1825 மே மாதம் இறந்தாள். எலிசபெத் ஜூன் மாதம் இறந்தாள். ஒருத்திக்கு 11 வயது, இன்னொருத்திக்கு 10. அதற்கு அடுத்த ஜூன் மாதம்தான் இந்தச் சிப்பாய்ப் பெட்டி வீட்டுக்குள் வந்தது.

அந்த விளையாட்டில் ஒரு விதி இருந்தது. சிப்பாய்கள் போரில் செத்துப் போவார்கள். ஆனால் அரபுக் கதைகளில் வரும் பூதங்களைப் போல நான்கு பெரிய பூதங்கள் அந்த உலகத்துக்குக் காவல். டாலி, பிரானி, எம்மி, ஆனி என்று அவற்றின் பெயர்கள். (யார் யார் என்று சொல்லவே வேண்டாம்!) இந்தப் பூதங்கள் நினைத்தால் செத்தவர்களை மறுபடி உயிரோடு எழுப்பிவிடலாம். அக்காக்கள் இருவரைப் புதைத்துவிட்டு வந்த குழந்தைகள் முதலில் எழுதிக்கொண்ட சட்டம் அது.

நான்கு நாடு, நான்கு குணம்

கதைப்படி அந்தப் பன்னிரண்டு பேரும் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இறங்கி, அங்கே ஒரு பெரிய நகரத்தைக் கட்டுகிறார்கள். அதன் பெயர் கண்ணாடி நகரம். பிறகு அதற்கே வெர்டோபொலிஸ் என்று கம்பீரமான பெயர் வந்தது. சுற்றிலும் நான்கு ராஜ்ஜியங்கள்: வெலிங்டன் நாடு, ஸ்னீக்கி நாடு, பாரி நாடு, ராஸ் நாடு. நான்கும் ஒரு கூட்டமைப்பு. மேலே கூட்டணி, உள்ளே பொறாமை.

நாட்டைப் பார்த்தால் ஆண்டவரைத் தெரிந்துகொள்ளலாம். சார்லட்டின் பக்கத்தில் பளிங்கு மாளிகைகள், காதல், பிரபுக்கள். பிரான்வெல்லின் பக்கத்தில் புரட்சி, தேர்தல் கலாட்டா, சாராயக்கடை, பட்டாளம். எமிலியின் பாரி நாட்டில் என்ன இருந்தது தெரியுமா? சாதாரணக் கல் வீடுகள், ஓட்டுக் கூரை. அதாவது அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்த அதே யார்க்‌ஷயர்! 1830-ல் சார்லட் எழுதிய ஒரு கதையில், வெலிங்டன் நாட்டுப் பிரபு ஒருவன் பாரி அரண்மனைக்கு விருந்துக்குப் போகிறான். அங்கே அவனுக்குக் கிடைத்தது வறுத்த மாட்டிறைச்சி, மசித்த உருளைக்கிழங்கு, ஆப்பிள் பை, ஊறவைத்த வெள்ளரிக்காய். அரண்மனை விருந்தா இது என்று அக்கா தங்கையைக் கிண்டலடித்திருக்கிறாள். ஆனால் தன் ஊரை விட்டு நகர மறுத்த அந்தப் பிடிவாதம்தான், பிறகு அதே மேட்டு நிலத்தை வைத்து 'வுதரிங் ஹைட்ஸ்' எழுதியது.

ராஜ்ஜியம் இருந்தால் வரலாறும் வேண்டும், பத்திரிகையும் வேண்டும் அல்லவா? 1829 ஜனவரியில் பிரான்வெல் ஒரு பத்திரிகை தொடங்கினான். சில மாதங்களில் அது சார்லட் கைக்குப் போனது. சிப்பாய்கள் படிக்கிற பத்திரிகை என்பதால் அளவும் சிப்பாய்களுக்கு ஏற்றபடிதான். கையில் கிடைத்த காகிதங்களை வெட்டி, தைத்து, அச்சு எழுத்து மாதிரியே பொடிப்பொடியாக எழுதினார்கள். அப்படி ஒரு 1830-ம் வருடத்து இதழ் 35 மில்லிமீட்டருக்கு 61 மில்லிமீட்டர். தீப்பெட்டி அளவுதான். அதற்குள் 4,000 வார்த்தைகளுக்கு மேல்! பெரியவர்கள் பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது.

வரலாறு எழுதுவதிலும் போட்டி நடந்தது. பிரான்வெல் கெடு, தேதி, படை எண்ணிக்கை என்று அரசாங்க வரலாறு எழுதினான். சார்லட் 'சார்லஸ் வெல்லஸ்லி' என்ற பெயரில் அரண்மனை வம்புகளை எழுதினாள். உடனே பிரான்வெல் தன் வரலாற்றாசிரியன் ஒருவன் பெயரில், இந்தச் சார்லஸ் ஒரு பொய்யன் என்று தனியாக ஒரு சிறுநூல் வெளியிட்டான். ஒரே போருக்கு இரண்டு வரலாறு, இரண்டுக்கும் ஒன்றையொன்று பிடிக்காது. பத்துப் பன்னிரண்டு வயதில் அவர்கள் கண்டுபிடித்ததை நிஜ வரலாறு படிப்பவர்கள் பட்ட வகுப்பில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

வரைபடத்தில் இருந்த நிஜ மனிதர்கள்

இங்கே ஒரு சங்கடமான விஷயமும் உண்டு. அவர்கள் நகரம் கட்டிய இடம் வெற்று நிலம் அல்ல. அது அஷாந்தி மக்களின் நாடு என்று கதையே சொல்கிறது. அஷாந்தி ஒரு நிஜமான பேரரசு. இன்றைய கானா நாட்டுப் பகுதி. 1820-களில் அதற்கும் ஆங்கிலேயருக்கும் நிஜமாகவே போர் நடந்துகொண்டிருந்தது. 1824-ல் ஆங்கிலேய ஆளுநர் சார்லஸ் மெக்கார்த்தி அந்தப் போரில் கொல்லப்பட்டார். வீட்டுக்கு வந்த பத்திரிகைகளையும் ஒரு பூகோளப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு குழந்தைகள் அந்த நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

கதையில் குவாஷியா என்று ஓர் அஷாந்தி இளவரசன் வருகிறான். தோற்ற அரசனின் மகன். வெலிங்டன் அவனை எடுத்து வளர்க்கிறார். வளர்ந்ததும் அவன் தன் நாட்டைக் கேட்டுக் கலகம் செய்கிறான். அவனை எழுதியவர்கள் அவனை வில்லனாகத்தான் எழுதினார்கள். இன்று படிக்கிற ஒருவருக்கு, அந்தக் கூட்டத்திலேயே நியாயமான காரணத்தோடு வாளெடுத்தவன் அவன் ஒருவன்தான் என்று தோன்றும். பத்து வயதுக் குழந்தைகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் பேரரசு ஒன்று தன் வீட்டுக் குழந்தைகளின் விளையாட்டுப் பெட்டிக்குள் எப்படிப் போய் உட்காருகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஆங்கிரியா: அக்கா தம்பி யுத்தம்

1831-ல் சார்லட் படிப்புக்காக ரோ ஹெட் பள்ளிக்குப் போனாள். எமிலியும் ஆனும் அந்தச் சமயத்தில் பிரிந்து போய்த் தனி ராஜ்ஜியம் கண்டார்கள். (அது பிறகு.) மிச்சம் இருந்த சார்லட்டும் பிரான்வெல்லும் 1834-ல் புதிதாக ஒரு நாட்டை உண்டாக்கினார்கள். பெயர் ஆங்கிரியா.

இதில்தான் நிலப்பிரபுத்துவ அரசியல் முழுவதுமாக இறங்குகிறது. வெலிங்டனின் மகன் ஸமோர்னா போரில் ஜெயிக்கிறான். கூலியாக ஒரு ராஜ்ஜியத்தையே கேட்டு வாங்குகிறான். ஏழு மாகாணங்கள், அட்ரியானோபொலிஸ் என்று புத்தம் புதுத் தலைநகரம். அவனுடைய பிரதமர் நார்த்தாங்கர்லாண்ட் பிரபு. இவர் பிரான்வெல்லின் செல்லப் பாத்திரம். பழைய கடற்கொள்ளைக்காரர், புரட்சிக்காரர், யாரையும் நம்பாதவர். இவர் மகள் மேரியைத்தான் ஸமோர்னா கல்யாணம் செய்திருக்கிறான். மாமனார் துரோகம் செய்தால் மகளைத் தள்ளி வைத்துவிடுவேன் என்பது மருமகனின் மிரட்டல். மாமனார் அப்படியும் துரோகம் செய்தார்!

1836-ல் உள்நாட்டுப் போர் மூண்டபோது சார்லட் வீட்டில் இல்லை. அதே ரோ ஹெட்டில் இப்போது ஆசிரியை வேலை. ஹாவர்த்தில் இருந்த பிரான்வெல் தன்னிஷ்டத்துக்குப் போரை நடத்திக்கொண்டிருந்தார். தலைநகரம் விழுந்தது, ஸமோர்னா நாடு கடத்தப்பட்டான், மேரி துக்கத்தில் சாகக் கிடந்தாள். இந்தச் செய்திகள் கடிதத்தில்தான் சார்லட்டுக்கு வந்தன. பிள்ளைகளின் இலக்கணப் பயிற்சியைத் திருத்த உட்கார்ந்தவர், மேரியை நிஜமாகவே தம்பி கொன்றுவிட்டானா என்று தவித்துத் தன் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். பிறகு பேனாவை எடுத்து மேரியைப் பிழைக்க வைத்தார். பெரிய பூதம் டாலியின் பழைய அதிகாரம்!

அந்த வேலையில் அவருக்கு மூச்சு முட்டியது. அந்தக் குளிர்காலத்தில் அரசவைக் கவிஞர் ராபர்ட் சதேவுக்குத் தன் கவிதைகளை அனுப்பினார். 1837 மார்ச்சில் பதில் வந்தது. இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது என்பது அதன் சாரம். ராஜ்ஜியங்களை ஆண்டவருக்கு வெளியுலகம் கொடுத்த இடம் அவ்வளவுதான். 1839 வாக்கில் சார்லட் ஆங்கிரியாவிடம் விடைபெற்று ஒரு சிறு குறிப்பு எழுதினார். அந்த எரிக்கும் வெயில் தேசத்தை விட்டு, சாம்பல் நிற வானமுள்ள இடத்துக்குக் கொஞ்ச நாள் போகவேண்டும் என்கிறார். எட்டு வருடம் கழித்து வந்தது 'ஜேன் அயர்'.

கோண்டல்: ராணிகளின் தேசம்

எமிலியும் ஆனும் அமைத்த நாடு கோண்டல். வட பசிபிக்கில் ஒரு பெரிய தீவு. தென் பசிபிக்கில் கோண்டல்காரர்கள் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்ட இன்னொரு தீவு கால்டின். இந்தப் பெயர்களை ஆன் தங்கள் பூகோளப் புத்தகத்தின் இடப்பெயர்ப் பட்டியலிலேயே பேனாவால் சேர்த்து எழுதிவிட்டார்.

கோண்டலில் சிம்மாசனத்துக்கு மோதுகிறவர்களில் முக்கியமானவள் அகஸ்டா என்னும் ராணி. காதலிப்பாள், கைவிடுவாள், சிறையில் தள்ளுவாள். 1837 ஜூன் மாதம் எமிலி எழுதிய ஒரு சிறு குறிப்பில், கோண்டல் பேரரசர்களும் பேரரசிகளும் முடிசூட்டு விழாவுக்குப் புறப்படும் செய்தியோடு, விக்டோரியா ராணி இந்த மாதம் பட்டத்துக்கு வந்தார் என்ற செய்தியும் சேர்ந்தே இருக்கிறது. இரண்டும் ஒரே கனத்தில்!

1845 ஜூன் கடைசியில் எமிலியும் ஆனும் ரயிலேறி யார்க் நகரத்துக்குப் போனார்கள். எமிலிக்கு வயது 26. வழி முழுக்க இருவரும் கோண்டல் பாத்திரங்களாகவே நடித்துக்கொண்டு போனார்கள். குடியரசுப் படை ஜெயித்துக்கொண்டிருக்கிறது, மன்னர் கட்சிக்காரர்கள் தப்பி ஓடுகிறார்கள்! எமிலிக்கு அது சந்தோஷம். ஆனால் அதே கோடையில் ஆன் எழுதிய குறிப்பில், கோண்டல் முன்போலச் சுவையாக இல்லை, இனி தேறுமா என்ற சந்தேகம் தெரிகிறது. விளையாட்டை விட்டு வெளியே ஒரு கால் வைத்துவிட்டவர், விடாதவருக்குத் துணையாகக் கூட நடந்திருக்கிறார்.

அந்த வருடம் எமிலியின் கவிதை நோட்டு சார்லட் கண்ணில் பட்டது. 1846-ல் மூவரும் ஆண் பெயர் போலத் தோன்றும் புனைபெயர்களில் ஒரு கவிதைத் தொகுப்பு வெளியிட்டார்கள். கோண்டல் பெயர்கள் எல்லாம் நீக்கப்பட்டே அச்சுக்குப் போயின. விற்றது இரண்டு பிரதி. கோண்டலின் உரைநடை வரலாறு ஒரு பக்கம் கூட இன்று மிஞ்சவில்லை. கவிதைகளும் சில பெயர்ப் பட்டியல்களும்தான் இருக்கின்றன. சார்லட், பிரான்வெல் எழுதிய பொடி எழுத்துப் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் தப்பின. கோண்டல் மட்டும் தன் காப்பகம் எரிந்துபோன ஒரு நிஜ நாடு மாதிரியே ஆகிவிட்டது.

யார் திரும்பினார்கள்?

சார்லட் விடைபெற்று வெளியே வந்தார். ஆன் மெதுவாக விலகினார். எமிலி விலகவே இல்லை. 1846-ல் எழுதிய ஒரு கோண்டல் உள்நாட்டுப் போர்க் கவிதையை 1848 மே மாதம் மறுபடி எடுத்து எழுதத் தொடங்கினார். பிரான்வெல்? 1841 முதல் செய்தித்தாள்களில் கவிதை வெளிவந்தபோது அவர் போட்டுக்கொண்ட பெயர் 'நார்த்தாங்கர்லாண்ட்'. வேலைகள் போய், குடியும் அபினும் சேர்ந்த பிறகும் அந்தப் பிரபுவின் பெயரை அவர் விடவில்லை. ஒரே பெட்டிச் சிப்பாய்கள்தான். ஒருவருக்கு அது ஏணி, ஒருவருக்கு வீடு, ஒருவருக்கு ஒளிந்துகொள்ளும் அறை. கற்பனை உலகம் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் வைப்பவர்களுக்கு இந்த வீடு நேரான பதில் எதுவும் தராது.

1848 செப்டம்பர் 24 பிரான்வெல். டிசம்பர் 19 எமிலி. 1849 மே 28 ஆன். எட்டு மாதத்தில் மூன்று சாவு. மூன்று சகோதரிகளும் ராத்திரியில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி கதை பேசுவது வழக்கம். கடைசியில் அந்த மேஜையைச் சுற்றி சார்லட் மட்டும் நடந்துகொண்டிருந்தார். பூதங்களால் இந்தமுறை யாரையும் எழுப்ப முடியவில்லை.

2019 நவம்பரில் பாரிஸில் நடந்த ஏலத்தில், மேலே சொன்ன அந்தத் தீப்பெட்டி அளவு இதழை ஹாவர்த்தில் உள்ள பிரான்ட்டே அருங்காட்சியகம் 6 லட்சம் யூரோ கொடுத்து வாங்கியது. அதில் படுக்கைத் திரைகள் தீப்பற்றுவதாக ஒரு காட்சி இருக்கிறது. 'ஜேன் அயர்' படித்தவர்களுக்கு அந்த நெருப்பு எங்கே மறுபடி வந்தது என்று தெரியும்!

உங்கள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில், வகுப்பு நேரத்தில் கிறுக்கிய வரைபடம், ராஜா பெயர்கள், கோட்டைகள் ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன்னால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கோண்டலுக்கு நடந்தது அதற்கும் நடக்க வேண்டாம்.