மெட்ரோ இல்லாத ஊருக்கு மெட்ரோ ஈதர்நெற்

எங்கட பக்கத்தில் 'பாதை' என்றால் றோட்டு இல்லை. ஆற்றைக் கடக்கிற மிதவைக்குத்தான் பாதை என்று பெயர். பஸ்ஸையும் மாட்டையும் மனிசரையும் ஒன்றாக ஏற்றி அக்கரை சேர்க்கிற இரும்புத் தட்டு. திருகோணமலையில் இருந்து மட்டக்களப்புக்குப் போகிற ஏ-15 வீதியில் கிண்ணியா, கங்கை, இறால்குழி, வெருகல் என்று வரிசையாகப் பாதைகள் இருந்தன. ஒரு பாதை பழுதானால் அதற்கு அங்கால் இருக்கிற ஊர் எல்லாம் அன்றைக்கு உலகத்தில் இல்லை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். அடுத்த சில ஆண்டுகளில் மற்றப் பாலங்களும் வந்தன. இப்ப ஈச்சிலம்பற்றில் ஏறினால் பஸ் தண்ணியில் இறங்காமல் ரவுனுக்குப் போய்ச் சேரும். எங்களில் சின்ன ஆளுக்குப் பாதையில் ஏறிய ஞாபகமே இல்லை.

இதைச் சொல்லுவதற்குக் காரணம், நாங்கள் எழுத வந்த விசயமும் ஒரு பாதையைப் பற்றியதுதான். மெட்ரோ ஈதர்நெற் என்று ஒரு சேவை. ஸ்ரீலங்கா ரெலிகொம், டயலொக் மாதிரியான கொம்பனிகள் வீடுகளுக்கு இல்லாமல் நிறுவனங்களுக்கென்று விற்கிற இணைப்பு இந்த வகையைச் சேர்ந்தது. பெயரைக் கேட்டதும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. மெட்ரோ என்றால் மாநகரம். எங்கட பிரதேசத்தில் மாநகரம் மாதிரி இருக்கிறது வெருகல் கோயில் திருவிழா நாள் மட்டும்தான்.

ஆனால் மாமாவுக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை. மாமா எங்களில் ஒரு ஆளுக்குச் சொந்த மாமா, மற்ற எல்லாருக்கும் பழக்கத்தில் மாமா. அவருக்கு இங்கே ஒரு நெல் மில், மூதூரில் ஒரு ஸ்ரோர், திருகோணமலை ரவுனுக்குள் ஒரு அரிசிக் கடை. மூன்று இடத்துக் கணக்கும் வட்ஸ்அப்பில் ஓடுகிறது. ஸ்ரோரில் நாற்பது மூட்டை இருக்கு என்று காலையில் படம் வரும். அதே நாற்பதையும் கடைக்காரப் பெடியன் நேற்றே நிலாவெளி ஹோட்டல் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருப்பான். இதுக்குள் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து, மூன்று இடத்தையும் ஒரே வலையமைப்பில் கட்டித் தாறன் என்று தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"பிள்ளையள், நீங்க கம்பியூட்டர் படிச்சனீங்கள்தானே. இது எனக்கு வேணுமா வேணாமா, அதை மட்டும் சொல்லுங்கோ."

அதை மட்டும் சொல்லத்தான் நாங்கள் இரண்டு கிழமை மினக்கெட்டோம்.

முதலில் ஈதர்நெற். ஒவ்வீஸ் கம்பியூட்டருக்குப் பின்னால் 'டக்' என்று செருகுகிற நீல வயர் இருக்கே, அதற்குள் ஓடுகிற பாசைதான் அது. 1973இல் அமெரிக்காவில் ஸெரொக்ஸ் கொம்பனியின் ஆய்வுகூடத்தில் பொப் மெற்காஃபும் டேவிட் பொக்ஸும் உருவாக்கியது. அவர்களுக்கு யோசனை கொடுத்தது ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் அலோஹா வலையமைப்பு. கடல் பிரித்து வைத்த தீவுகளை ரேடியோ அலையால் இணைக்கச் செய்த வேலை அது. தண்ணி மறித்த சனத்துக்காகச் செய்த ஒன்றில் இருந்துதான் உலகத்து ஒவ்வீஸ் எல்லாம் இன்றைக்குப் பேசுகிற பாசை வந்தது. கொட்டியாரக் குடாவுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அதை வாசிக்க எங்களுக்கு ஒரு தனிச் சந்தோசம்.

அந்தப் பாசை கட்டடத்துக்குள் மட்டும்தான் ஓடியது. கட்டடத்துக்கு வெளியே போக வேறு பாசை. ஒரு கிளையைத் தலைமையகத்தோடு இணைக்கத் தொலைபேசிக் கொம்பனியிடம் தனிக்கம்பி வாடகைக்கு எடுக்க வேணும். அதன் வழமையான அளவு செக்கனுக்கு 2 மெகாபிட். அது போதாவிட்டால் இன்னொரு கம்பி, இன்னொரு கருவி, இன்னொரு ரெக்னீசியன். அதற்கு மேலே அடுத்த படி 34, பிறகு 155. உங்களுக்கு 10 தேவை என்றால் ஒன்றில் ஐந்து கம்பியை முறுக்கிக் கட்ட வேணும், இல்லாட்டி 34க்குக் காசு கட்ட வேணும். கால் கிலோ சீனி கேட்டவனுக்கு மூட்டை விற்கிற கடை.

மெட்ரோ ஈதர்நெற் இதை மாற்றியது. கட்டடத்துக்குள் ஓடிய அதே பாசையை பைபரில் ஏற்றி நகரம் முழுக்க ஓட விட்டார்கள். இதற்கு ஒரு பொது ஒழுங்கு வகுக்க 2001இல் மெட்ரோ ஈதர்நெற் போரம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. கிளையில் சுவரில் ஒரு துளை, அதில் அதே நீல வயர். 10 மெகாபிட் எடுத்தவர் அடுத்த மாதம் 20 கேட்டால், அந்தத் துளையின் அளவுக்குள் அடங்குமட்டும், கொம்பனிக்காரர் தன்ர இடத்தில் இருந்தே கூட்டி விடலாம். ஒருவரும் ஏணியோடு வரத் தேவையில்லை. கருவிகளும் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்கிற சாதாரணச் சாமான் என்பதால் மலிவு.

அதில் மூன்று வகை. இரண்டு இடத்தை மட்டும் இணைக்கிறது ஈ-லைன். எல்லா இடமும் எல்லா இடத்தோடும் நேரே பேசுகிறது ஈ-லான், சந்தையில் யாரும் யாரோடும் கதைக்கலாமே, அப்படி. தலைமையகம் எல்லாரோடும் பேசும் ஆனால் கிளைகள் தங்களுக்குள் பேச மாட்டா என்பது ஈ-ட்ரீ. மாமாவிடம் கொடுத்த தாளில் இருந்தது இரண்டாவது.

நிறுவனத்துக்கு இதனால் என்ன லாபம்? எங்களுக்குப் பெரிதாகப் பட்டது ஒன்றுதான். தூரம் கணக்கில் இருந்து விழுந்துவிடுகிறது. இங்கே இருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போனால் ஒரு பகல் சரி. பைபருக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. 300 கிலோமீற்றர் போய்த் திரும்பி வர அதற்கு மூன்று மில்லி செக்கன். அப்படியென்றால் கிளைக்கென்று தனி சேர்வர் வேண்டாம், அதைப் பார்க்கத் தனி ஆள் வேண்டாம், தனி பக்கப் வேண்டாம். தராசு, கமெரா, தொலைபேசி, கணக்கு எல்லாம் ஒரே வயரில். கிளையில் இருக்கிற பிள்ளை தலைமையகத்தின் அடுத்த அறையில் இருக்கிற மாதிரித்தான்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிப் பார்த்தால் இது யாருக்கான சேவை என்பது விளங்கும். சீனக்குடாவில் 1980இல் தொடங்கிய பிறிமா மாவாலை, அங்கால் ரோக்கியோ சீமெந்து, எண்ணெய்க் குதங்களை வைத்திருக்கிற லங்கா ஐஓசி. பொருள் இங்கே இறங்குகிறது, தீர்மானம் கொழும்பில் எடுக்கப்படுகிறது. கப்பலில் வந்தது எவ்வளவு, லொறியில் போனது எவ்வளவு என்பது இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் தெரிய வேணும். இந்த வடிவத்தில் இருக்கிற தொழிலுக்கு இப்படி ஒரு வலையமைப்பு ஆடம்பரம் இல்லை.

இனி எங்கட பக்கம். ஈச்சிலம்பற்றில் 'என்ரபிரைஸ்' என்று சொல்லக்கூடியது எது? பிரதேச செயலகம், ஆஸ்பத்திரி, கூட்டுறவுச் சங்கம், வங்கி, பால் சேகரிக்கிற இடம், இரண்டு மூன்று மில். சின்னன் என்று சிரிக்கலாம். ஆனால் 2023இல் அஸ்வெசும தொடங்கிய பிறகு கொடுப்பனவு வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. நாங்கள் பார்த்த ஒரு நாளைச் சொல்கிறோம். எந்த வங்கி, எந்த ரவுன் என்பது வேண்டாம். காலை ஒன்பதரைக்கு 'சிஸ்டம் டவுன்' என்று ஒரு மட்டையை எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார்கள். வெளியில் அறுபது எழுபது பேர், அரைவாசிக்கு மேல் வயசான பொம்பிளைகள். பூநகர்ப் பக்கத்து ஆச்சி ஒருவர் பஸ்ஸுக்கு மட்டும் கொண்டு வந்தவ, சாப்பிடக் காசில்லை. இரண்டரைக்குப் பிறகும் வரவில்லை. "நாளைக்கு வாங்கம்மா" என்றார்கள். நாளைக்கு வர இன்னொரு பஸ் காசு வேணும். வங்கியின் புத்தகத்தில் அந்த நாள் நட்டமாகப் பதிவாகாது, ஏனென்றால் நட்டப்பட்டது வங்கி இல்லை.

இந்த இடத்தில்தான் விளம்பரத் தாளோடு எங்களுக்குச் சண்டை. தாளில் பெரிய எழுத்தில் இருந்தது வேகம். சின்ன எழுத்தில் 'சேவை கிடைக்கும் அளவு 99.9 வீதம்'. நாங்கள் கணக்குப் பார்த்தோம். வருசத்துக்கு 8,760 மணித்தியாலம். 99.9 என்றால் எட்டே முக்கால் மணித்தியாலம் இல்லாமல் போகலாம், அதைக் கேள்வி கேட்க ஏலாது. 99 என்றால் மூன்றரை நாளுக்கு மேல். 99.99 என்றால் 53 நிமிசம். ஒரேயொரு ஒன்பதுக்கு இவ்வளவு வித்தியாசம். அந்த எட்டே முக்காலும் கொடுப்பனவு நாளில் ஒன்றாக வந்தால், ஒப்பந்தப்படி எல்லாம் சரி, ஆச்சி மட்டும் பட்டினி.

நகரத்துக்குள் இதற்கு மருந்து இருக்கு. பைபரை வட்டமாக ஓட விடுவார்கள். வட்டத்தில் ஒரு இடம் அறுந்தால் தகவல் மற்றப் பக்கத்தால் சுற்றி வரும். ஜி.8032 என்ற தரத்தில் இந்த மாற்றம் 50 மில்லி செக்கனுக்குள் நடக்க வேணும், கதைத்துக்கொண்டிருக்கிற ஆளுக்கே தெரியாது. கிராமத்துக்கு வரும்போது வட்டம் முடிந்து வாலாகி விடும். வாலில் ஒரு வெட்டு விழுந்தால் அவ்வளவுதான். கேபிள் பெரும்பாலும் றோட்டோரத்தைப் பிடித்துத்தான் வரும், ஆறு வந்தால் பாலத்தைப் பிடிக்கும். றோட்டு அகலிக்க வந்த மெசினும் மாரி வெள்ளமும் கேபிளுக்கு ஒன்றுதான். 2011 ஜனவரி வெள்ளத்தில் வெருகல் பக்கம் எப்படிக் கிடந்தது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒற்றைப் பாதை என்ன செய்யும் என்பது எங்கட மாவட்டத்துக்கு வேறு விதத்திலும் தெரியும். 2021 நவம்பர் 23, கிண்ணியா குறிஞ்சாக்கேணி. பாலம் கட்டுகிற காலத்தில் அதற்குப் பதிலாக ஓடிய மிதவை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் செத்துப் போனார்கள். வயர் அறுந்தால் யாரும் சாகப் போவதில்லை, அதையும் இதையும் ஒன்றாக வைக்கவில்லை. பழைய வழியை எடுக்கும்போது மாற்று வழியை யார் பொறுப்பாக வைக்கிறது என்ற கேள்வி மட்டும் இரண்டுக்கும் பொது.

மாமாவிடம் போய் இதெல்லாம் சொன்னோம். அவர் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒரு மணித்தியாலம் இல்லாமப் போனா எனக்கு எவ்வளவு நட்டம்?" நல்ல கேள்வி. இதை முதலில் நாங்கள்தான் கேட்டிருக்க வேணும் என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். பெரும்போக அறுவடை இல்லாத மாதத்தில் நட்டம் ஒன்றுமில்லை, பிறகு பார்க்கலாம். அறுவடைக் காலத்தில் கதை வேறு. விவசாயி இப்ப காசு வங்கியில் விழுந்ததைப் போனில் பார்த்த பிறகுதான் மூட்டையை இறக்குவான். நெற் இல்லை என்றால் உழவு மெசினைத் திருப்பிக்கொண்டு அடுத்த யாவாரியிடம் போவான். வருசத்தில் ஆறு ஏழு கிழமைதான், அந்தக் கிழமைகளில்தான் முழு வருசமும்.

கொம்பனி கேட்ட தொகை ஒரு இடத்துக்கு மாதம் மில்லில் ஒரு ஆளின் சம்பளத்துக்குக் கிட்ட. மூன்று இடம் என்றால் மூன்று ஆள். வேண்டாம் மாமா என்றோம். மூன்று இடத்துக்கும் ஒரே இருப்புப் புத்தகம் இணையத்தில் திறக்கலாம். ரவுட்டருக்கு இரண்டு வேறு கொம்பனி சிம் போடலாம், ஒன்று விழுந்தால் மற்றது. அவருக்கு அது காணும். தனி வலையமைப்பு என்றால் தானாகவே பூட்டுப் போட்டது என்று பிரதிநிதி சொன்னதையும் நம்ப வேண்டாம் என்றோம். பொது இணையத்தால் போகாது என்பது உண்மை. ஆனால் உள்ளே ஓடுகிற தகவல் குறியாக்கம் செய்யப்படாமல் அப்படியே ஓடும், பூட்டு நாங்கள்தான் வாங்க வேணும்.

கூட்டுறவுச் சங்கத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். அவர்களுக்கு இது வேணும். அதுவும் ஒவ்வொருத்தராகத் தனித்தனியே போய்க் கேட்காமல். பைபரில் செலவு எல்லாம் கிடங்கு வெட்டிக் கேபிள் தாட்கிறதில்தான், சந்தி மட்டும் ஒரு ஆளுக்காகக் கொண்டு வந்து விட்டால் இரண்டாவது மூன்றாவது ஆளுக்கு மிச்சம் சில நூறு மீற்றர். நாலு நிறுவனம் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்துக் கேட்டால் கொம்பனி கணக்குப் பார்க்கும் விதமே மாறும். நாலு பேர் சேர்ந்து கேட்கிற இடத்தில் இரண்டாவது வழியையும் கேட்கலாம்: மூதூர்ப் பக்கத்தால் ஒன்று, வாகரைப் பக்கத்தால் ஒன்று. தெற்கு வழி பைபர் இல்லாவிட்டால் கோபுரத்தில் இருந்து கோபுரத்துக்கு மைக்ரோவேவ் என்றாலும் பரவாயில்லை. வேகம் குறையட்டும், அறாமல் இருந்தால் போதும்.

2006இல் இந்தப் பக்கத்துச் சனம் வாகரை வழியால் ஓடியது. திரும்பி வந்து முதலில் கேட்டது தண்ணி, றோட்டு, கரண்ட். எங்கட தாய் தகப்பன் அதுகளுக்கு மனுக் கொடுத்து மனுக் கொடுத்துக் களைத்தவர்கள். பைபருக்கு மனுக் கொடுப்பது என்று சொன்னால் முதலில் ஒரு மாதிரித்தான் பார்த்தார்கள்.

மாமா இரண்டு சிம் போட்டுவிட்டார். சங்கத்தில் எங்களுக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் அந்தக் கடிதத்துக்கு ஒத்துக்கொண்டார், மற்றவர்களோடு கதைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு முதல் பிரதிநிதிக்குப் போன் எடுத்து ஒரு விசயம் மட்டும் கேட்டோம்: நீங்கள் சொல்லுகிற பிரதான வழியும் மாற்று வழியும் எங்காவது ஒரே பாலத்தால் வருகுதா? அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இதுவரைக்கும் ஒருத்தரும் இப்படிக் கேட்கவில்லை, பொறியியலாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்று கிழமை ஆகுது. திங்கட்கிழமை திரும்ப எடுப்போம்.