பொறை

பொங்கலுக்கு இரண்டு வாரங்கள் இருந்தன. ஸ்ரீராம்புரத்தின் குறுகிய தெரு ஒன்றில், வீட்டு வாசலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் பின்பகுதியை ஒருவர் அளவு நாடாவால் அளந்துகொண்டிருந்தார். போகவேண்டிய ஊர் கிருஷ்ணகிரிக்குச் சற்று அப்பால் இருந்தது. ஒரு வழிக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். போகிறவர்கள் நால்வர்: அவர், அவருடைய மனைவி, ஆறு வயது மகன், மனைவியின் தாயார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவரை மட்டுமே அனுமதிக்கிறது. ஆகவே வண்டிகளும் இரண்டு. மோட்டார் சைக்கிளில் அவரும் மாமியாரும். ஸ்கூட்டரில் மனைவியும் மகனும்.

ஆலைத் தொழிலாளர் காலத்திலிருந்தே தமிழர் அடர்ந்து வாழும் பகுதி அது. வேலைக்காக வந்து தங்கிய குடும்பங்களுக்குச் சொந்த ஊர் என்பது பண்டிகைதோறும் மூட்டை கட்டும் ஒரு வினை. அந்த மூட்டையைச் சென்ற ஆண்டுகளில் மாமியாரின் மடி தாங்கியது. இம்முறை நல்ல பைகளாகவே வாங்கிவிடுவதென்று மருமகன் முடிவுசெய்திருந்தார். அவர் கையிலிருந்த தாளில் ஒவ்வொரு பையின் பெயருக்கு எதிரேயும் அதன் கொள்ளளவு லிட்டரில் எழுதப்பட்டிருந்தது.

முதலில் அவர் மனம் சென்றது இருபுறமும் தொங்கும் இணைப்பைகளின்மீது. நெடும்பயணம் போகிறவர்கள் விரும்புவது அதைத்தான். எடை தாழ்வாக இருக்கும். இரு பக்கமும் சமமாக இருக்கும். தமிழுக்கு இது புதிய ஏற்பாடும் அன்று. பெரும்பாணாற்றுப்படை மிளகுப் பொதி சுமந்து வணிகச் சாத்தோடு நடக்கும் கழுதைகளைக் காட்டுகிறது. இருபுறமும் ஒத்த எடையாக ஏற்றிய அந்தச் சுமையைப் புலவர் 'புணர்ப்பொறை' என்கிறார். அதைத் தாங்கித் தாங்கிக் கழுதையின் முதுகில் ஆழ்ந்த வடுவையும் அவர் காணத் தவறவில்லை.

ஆனால் கழுதையின்மேல் புடவை கட்டிய மூதாட்டி ஒருவர் பக்கவாட்டில் அமர்ந்திருக்கவில்லை. இணைப்பைகளின் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. பின்னால் அமர்பவரும் இருபுறம் கால்போட்டு உட்காருவார் என்று எண்ணி அவற்றை வடிவமைத்திருக்கிறார்கள். மாமியார் இடப்பக்கம் இரு கால்களையும் தொங்கவிட்டு அமர்பவர். பைக்குரிய இடத்தில் அவருடைய கால்கள் இருக்கும். சக்கரத்தில் புடவை சிக்காமல் காக்கும் கம்பித் தடுப்பும் அங்கேயே இருக்கிறது. பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத மறைப்பு, பின்னிருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்க மிதி ஆகிய மூன்றையும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி கட்டாயமாக்கியிருக்கிறது. பை மாட்டுவதற்காக அவற்றைக் கழற்ற முடியாது. வலப்பக்கம் மட்டும் மாட்டலாமென்றால் அங்கே சைலன்சரின் சூடு. எடையும் ஒரு புறமாய்ச் சாயும்.

அடுத்து, இருக்கைக்குப் பின்னால் பொருத்தும் பெட்டி. இதற்கும் விதி உண்டு. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பெட்டி 550 மில்லிமீட்டர் நீளம், 510 மில்லிமீட்டர் அகலம், 500 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேற்படக் கூடாது. பின்னிருக்கையின் இடத்தைப் பெட்டி பிடித்துக்கொண்டால் ஓட்டுநரைத் தவிர வேறு எவரும் ஏறக் கூடாது. அதற்கும் பின்னால் இருந்தால் இன்னொருவர் அமரலாம். விதி இடம் தந்தாலும் இயற்பியல் தயங்குகிறது. பின் அச்சுக்கு அப்பால் ஏற்றிய எடை நெம்புகோல்போல் வேலை செய்து முன்சக்கரத்தின் பிடிப்பைத் தளர்த்தும். வேகம் கூடக்கூடக் கைப்பிடி அலையும். அங்கே போர்வை வைக்கலாம். பித்தளைப் பானை வைக்கலாகாது.

தாளில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தவரைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாமியார் ஆறுதலாகச் சொன்னார்: "எதுக்கு மாப்ள இவ்ளோ செலவு? எப்பவும்போல நான் மடியிலயே வச்சுக்கிறேன்."

மகள் அப்போது வெளியே வந்தாள். தாயின் இடக்கையைப் பற்றி முழங்கைவரை புடவைத் தலைப்பை விலக்கிக் கணவனிடம் காட்டினாள். தீபாவளிக்குப் போய்வந்தபோது பையின் வார் சுற்றிய இடத்தில் தோல் கறுத்துக் கோடாகியிருந்தது. ஒரு கையால் கம்பியையும் மறுகையால் பையையும் மூன்று மணி நேரம் பிடித்துக்கொண்டே வந்த கை அது. வழியில் இருமுறை நிறுத்தித் தேநீர் குடித்தார்கள். அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பொறை என்ற சொல்லுக்குத் தமிழில் சுமை என்றும் பொருள். பொறுமை என்றும் பொருள். இரண்டும் 'பொறு' என்ற ஒரே வேரில் கிளைத்தவை. ஸ்ரீராம்புரத்தின் சந்தையில் கன்னடத்தில் 'ஹொரெ' என்று காதில் விழுவதும் இதே சொல்தான். பழைய பகரம் கன்னடத்தில் ஹகரமாயிற்று. தாங்குவதும் தாங்கியதைச் சொல்லாதிருப்பதும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது மொழியின் தற்செயலாக இருக்கலாம். அந்த வீட்டில் அது தற்செயலன்று. லிட்டர்க் கணக்கில் பை தேடியவர் அதுவரை கேளாத ஒரு கேள்வி இருந்தது: இந்த எடை இதுநாள்வரை யார் உடம்பில் இருந்தது?

அதன்பின் அளவெடுப்பு தலைகீழாயிற்று. மாமியாரை வண்டியில் அமரவைத்தார்கள். அவருடைய கால், கை, முதுகு ஆகியவற்றுக்கு வேண்டிய இடத்தை விட்டபிறகு எஞ்சியது எது என்று பார்த்தார்கள். பெட்ரோல் கலத்தின் மேற்புறம் எஞ்சியது. அங்கே ஒட்டும் காந்தப் பை இரும்புக் கலத்தில் மட்டுமே நிற்கும், இவர்களுடையது இரும்புதான். கைப்பிடியை இருபுறமும் முழுக்கத் திருப்பி, பையில் இடிக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டார்கள். மருந்துகளும் மழைக்கோட்டுகளும் அதற்குள் சென்றன.

கனமானவை ஸ்கூட்டரின் கால்தளத்துக்குப் போயின. இரு சக்கரங்களுக்கும் நடுவே, தரைக்கு அருகே இருக்கும் அந்த இடம்தான் எடைக்கு ஏற்றது. பால்கேனும் வாழைத்தாரும் ஏற்றிப்போகும் மொபெட்காரர்களுக்கு இதை யாரும் கற்பித்ததில்லை. இருவர் அமரக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட்டான டி.வி.எஸ். 50, 1980இல் இவர்கள் போகும் இதே சாலையிலுள்ள ஒசூரில்தான் உருவாயிற்று. முழங்கால் உயரத்தைத் தாண்டாத கித்தான் பை ஒன்று போதுமென்றாயிற்று. ஓட்டுபவரின் பாதங்களுக்கு இருபுறமும் இடம் விட்டு, கொக்கி வைத்த ரப்பர் கயிற்றைத் தவிர்த்து, இழுபடாத நைலான் வார்களால் கட்டினார்கள். ரப்பர் கயிறு குலுங்கலில் நீண்டுகொடுக்கும். கொக்கி தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. இருவர் எடைக்கு வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்குச் சக்கரங்களில் காற்றும் ஏற்றினார்கள்.

பையில் மூன்றில் ஒரு பங்கை மகள் காலியாக விட்டாள். ஊரிலிருந்து அவரையும் கேழ்வரகும் வராமல் இராது. திரும்பும் வழியின் சுமையைக் கணக்கில் கொள்ளாததால்தான் ஒவ்வொரு முறையும் கடைசி மூட்டை அம்மாவின் மடிக்கு வந்து சேர்ந்தது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

போகி அன்று விடியுமுன் கிளம்பினார்கள். தலைக்கவசம் நான்கு. ஒசூரில் தேநீருக்காக நிறுத்தியபோது சந்திரசூடேசுவரர் குன்றின்மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாமியார் வண்டியிலிருந்து இறங்கினார். பழக்கத்தில், மடியிலிருப்பதை யாரிடமாவது கொடுக்கவேண்டும் என்பதுபோல ஒரு கணம் கைகளை நீட்டினார். கொடுக்க ஒன்றும் இல்லை. நீட்டிய கைகளை அப்படியே குன்றை நோக்கிக் குவித்தார்.